அந்தக் கைகள் என்னுடையவை அல்ல

மகனே,

இதை உன் போனுக்கு அனுப்பாமல் தாளில் எழுதுகிறேன். போனில் வந்தால் பாதி வாசித்துவிட்டு ஒரு கைகூப்பும் பொம்மையைப் போட்டு முடித்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். இன்னும் மூன்று வாரத்தில் உனக்குக் கல்யாணம். இந்த நேரத்தில் ஒரு தாய் மகனுக்கு எழுதினால் வருகிறவளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும், கோபத்தை எப்படி அடக்க வேண்டும் என்றெல்லாம் எழுதுவாள். கோபத்தை அடக்குவது பற்றிச் சொல்ல இன்று எனக்குத் தகுதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. இந்தக் கடிதத்தை நம் வீட்டில் யார் கேட்டாலும் வாசிக்கக் கொடு. ஒளித்து வைக்க இனி என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்தப் படத்தில் நான் இருக்கிறேன். நம் ஆலய வாசலில், வெள்ளைச் சேலையில், நான்கு மாதக் குழந்தையான உன்னை ஏந்தி நிற்கிறேன். ‘அம்மாவும் நானும், ஞானஸ்நான நாள்’ என்று கீழே எழுதியிருந்தாய். சற்று நேரத்தில் குழு முழுக்க இதயங்கள். பெரியப்பா ஒரு கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை, அல்லது வந்ததை யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு நான் வெள்ளைச் சேலை கட்டவே இல்லை. நீலப் பட்டு கட்டியிருந்தேன். அந்தக் கழுத்து என்னுடையது இல்லை, அந்தத் தோள் என்னுடையது இல்லை. உன்னைத் தாங்கியிருக்கும் கைகளும் என்னுடையவை இல்லை. அது உன் அப்பாவின் தங்கை லில்லி. உன் ஞானத்தாய். அவள் உடம்பில் என் தலையை ஒட்டியிருக்கிறாய்.

உடனே உன்னைக் கூப்பிட்டேன். நீ கொச்சியில் ஏதோ கடையில் நின்றுகொண்டு, சிரித்துக்கொண்டே எடுத்தாய்.

“எப்டி இருக்கு அம்மா? சர்ப்ரைஸ்.”

“எலே, அது நான் இல்ல.”

“தெரியும் அம்மா. பெரியப்பாதான் சொன்னாரு. பெண்ணு வீட்டுக்காரங்க ஞானத்தாய் யாருன்னு கேப்பாங்க, நாம எதுக்கு பழைய கதைய எடுக்கணும்னு. ரிசப்ஷன்ல ஓட்டுற வீடியோவுக்கு ஒரு நல்ல படம் வேணும்லா.”

“அதுக்கு அவளுக்க தலைய எடுத்துப்போட்டு எனக்க தலைய வைப்பியா?”

நீ சிரிப்பை நிறுத்தினாய். பிறகு சொன்னாய்: “நீதானே அம்மா சின்ன வயசுல சொல்லித் தந்த, அது ஒனக்க கைன்னு. நீ சொன்னத நான் உண்மையாக்கிட்டேன், அவ்வளவுதான்.”

நான் போனை வைத்துவிட்டேன். இந்தக் கடிதம்தான் அதற்குப் பதில்.

போன மாதம் நீ பத்து நாள் லீவில் வந்து, பழைய நெகட்டிவ்களையெல்லாம் கேமராவிலேயே படமெடுத்துக் கணினியில் ஏற்றிவிடலாம் என்று சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியும். எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்தே தலை நரைத்தவள் நான். பிலிமை ஓரத்தில் பிடிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப்பெட்டியை நான் கொண்டுவந்து தந்தேன். அதன் டியூப்லைட் படத்தில் வரிவரியாக விழுகிறது என்று நீ அதை ஒதுக்கிவிட்டு, சின்ன எல்.இ.டி. பலகை ஒன்றை வாங்கினாய். ஸ்டாண்டில் கேமராவைக் கீழ்நோக்கி மாட்டினாய். கேமரா பிலிமுக்குச் சரிநேராக நிற்பதற்காக, பிலிம் கிடக்கும் இடத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, லென்ஸ் தன்னையே நடுவில் பார்க்கும்வரை கேமராவைச் சரித்துச் சரித்துப் பார்த்தாய். படம் எடுக்கிற ஒவ்வொரு முறையும், “அம்மா, மூச்சு விடாத. அப்பா, நடக்காதீங்க. தரை அசையுது” என்பாய். உன் அப்பா நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, “இனி மூத்திரம் போகவும் இவனிட்ட கேக்கணுமோ?” என்றார். எத்தனை வருடத்துக்குப் பிறகு நாம் மூன்று பேரும் ஒரே அறையில் ஒரே காரியத்தைப் பார்த்துச் சிரித்தோம். அந்தச் சந்தோஷத்தில்தான், அலமாரிக்குப் பின்னால் இருந்த எக்ஸ்ரே உறையை நானே எடுத்து உன்னிடம் தந்தேன்.

உறையின் மேல் உன் அப்பாவின் பெயரும் ‘நெஞ்சு’ என்றும் எழுதியிருந்தது. அதற்குள் நெஞ்சுப்படம் இல்லை. உன் ஞானஸ்நான நாளின் நெகட்டிவ்கள் இருந்தன. மற்றவருடைய எக்ஸ்ரேயை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை என்பது என் வேலையில் நான் கற்றுக்கொண்டது. நம் ஊர் ஈரத்தில் ஓரமெல்லாம் பூஞ்சை பிடித்து, சிலந்தி வலை மாதிரி இருந்தது. நீ நான்கு படம் கொண்ட ஒரு துண்டைப் பலகையில் வைத்தாய். கணினித் திரையில் நிறங்களைத் திருப்பினாய். வெள்ளைச் சேலையில், தலைநிறைய முடியோடு, வாய்விட்டுச் சிரிக்கிற ஒரு பெண் வந்தாள்.

“இது யாரு அம்மா?” என்றாய்.

அன்று உன்னிடம் முக்கால் கதையைத்தான் சொன்னேன். லில்லி மாமி என்று ஒருத்தி உண்டு என்பது உனக்குத் தெரியும், முகம் மட்டும் தெரியாது. கள்ளிக்காடு என்ற ஊரில் பம்புசெட் சரிசெய்கிற ஒருவரை அவள் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள், அவர் வேறு மதம், அதனால் பெரியப்பா அவளை வீட்டில் ஏற்றவில்லை என்றேன். ஆல்பத்துப் படங்களை ‘வெட்டிட்டாங்க’ என்றேன். யார் வெட்டியது என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நான்தான் வெட்டினேன்.

உனக்கு அப்போது மூன்று வயது. கிறிஸ்துமஸுக்கு உறவுக்காரர்கள் எல்லாரும் வருவார்கள், வந்தால் ஆல்பத்தை மடியில் வைத்துப் பார்ப்பார்கள். அதற்கு முந்தின வாரம் பெரியப்பா வந்து, “அவ இந்த ஆல்பத்துல இருக்கப்பிடாது. நெகட்டிவையும் எரிச்சுரு” என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அப்பா அப்போது பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் தேய்த்தார். அவர் எடுத்த படங்கள் அவை, அவருடைய தங்கை அவள். நான் கத்தரிக்கோலை எடுத்தேன். யாரும் என் கையைப் பிடித்து வெட்டவைக்கவில்லை. ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லியிருக்கலாம். எனக்கு அன்றைக்கு நல்ல மருமகள் என்ற பெயர் வேண்டியிருந்தது. இன்னொன்றும் சொல்கிறேன், சொல்லக் கூசுகிறது: வெட்டு அசிங்கமாகத் தெரியக் கூடாது என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மிக நேர்த்தியாக வெட்டினேன். ஆறு படங்கள். முடித்ததும் வேலை சுத்தமாக வந்திருக்கிறது என்று எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

ஐந்து படத்தில் அவளை முழுதாக நீக்க முடிந்தது. ஒன்றில் முடியவில்லை. அவள் உன்னை ஏந்தியிருக்கும் படம் அது. அவள் கைகளை வெட்டினால் உன்னையும் வெட்ட வேண்டும். அதனால் கைகளை மட்டும் விட்டுவிட்டேன். நெகட்டிவை எரிக்க முடியாததற்கும் காரணம் அதுதான். அவள் இருக்கிற படத்துக்கு ஒட்டினாற்போல் அந்தப் பக்கம் போதகர் உன் தலையில் தண்ணீர் ஊற்றுகிற படம், இந்தப் பக்கம் பெரியப்பாவே லில்லியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சிரிக்கிற படம். நான் பிலிமை வெட்டத் தெரிந்தவள்தான், ஆனாலும் கை வரவில்லை. எரித்துவிட்டேன் என்று பெரியப்பாவிடம் பொய் சொன்னேன். அதைத் தைரியம் என்று பல வருடம் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அது தைரியம் இல்லை. ஒளித்து வைப்பவள் இரண்டு பக்கத்துக்கும் நல்லவளாக இருக்கப் பார்க்கிறாள், அவ்வளவுதான்.

நீ வளர்ந்து ஆல்பத்தைப் புரட்ட ஆரம்பித்தபோது, அந்தப் படத்தில் விரலை வைத்து, “இது யாரு கை?” என்றாய். “எனக்க கைதான் மக்கா” என்றேன். நீ நம்பினாய். ஆனால் உனக்குக் கண் கூர்மை. ஒரு நாள் என் இடது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “போட்டோல கட்டைவிரல்ல ஒரு கோடு உண்டே, எங்க?” என்று கேட்டாய். லில்லிக்குப் பதினாறு வயதில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற கத்தி பட்டு வந்த தழும்பு அது. “அது ஆறிப்போச்சு மக்கா” என்றேன். நீ என் விரலுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு விளையாடப் போனாய். நான் சொன்ன பொய்களில் எதற்காவது கணக்குக் கேட்கப்படும் என்றால் அதற்காகத்தான் இருக்கும்.

நீ பத்தாம் வகுப்பில் இருந்தபோது லில்லி என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். நெய்யாற்றின்கரையில் நான் வேலை செய்த ஆஸ்பத்திரிக்கு, மணிக்கட்டு முறிந்து வந்திருந்தாள். எக்ஸ்ரே அறையில் நான் இருப்பேன் என்று அவளுக்குத் தெரியாது. இடது கையைத் தட்டின் மேல் விரித்து வைத்தேன். அந்தக் கட்டைவிரல். வேறென்ன பேசுவது என்று தெரியாமல் அசையாமலிருக்க எல்லா நோயாளியிடமும் சொல்வதையே சொன்னேன்: “அனங்காம இரு.”

“நான் அனங்கமாட்டேன் மைனி. நீ என்னை வெட்டினப்பளும் நான் அனங்கலையே” என்றாள்.

எங்கிருந்தோ கேள்விப்பட்டிருக்கிறாள். நான் கதவுக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அமுக்கினேன். எக்ஸ்ரேயில் தழும்பு விழாது, எலும்பு மட்டும்தான் விழும். அந்தப் படத்தைக் கையில் கொடுத்து அனுப்பினேன். மன்னிப்புக் கேட்கவில்லை. வெளியே வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, “அப்போ தப்பு ஒனக்குதானே அம்மா, எனக்கு எதுக்குத் திட்டு?” என்று நீ கேட்பாய். கேள். என் தப்பு என் தப்புதான். ஆனால் நான் வெட்டிய இடத்தில் ஓர் ஓட்டை இருந்தது. பார்க்கிறவனுக்கு இங்கே யாரோ இருந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. நீயே கேட்டாய், யாரு கை என்று. நீ செய்த படத்தில் கேள்வி கேட்க இடமே இல்லை. உன் பிள்ளை அதைப் பார்த்து ஒன்றும் கேட்காது. நான் பயந்தவள், கத்தரிக்கோலால் செய்தேன். நீ யாருக்கும் பயப்படத் தேவையில்லாதவன், உன் சம்பாத்தியத்தில் நிற்கிறவன், ஒரு பெண்ணை நீயே பார்த்துக் கட்டுகிறவன். முழுப்படத்தையும் உன் கண்ணால் பார்த்த பிறகு, பெரியப்பாவின் ஒரு போன் பேச்சுக்காக அவளை மறுபடியும் நீக்கினாய். அதுவும் நான் இத்தனை வருடம் பாதுகாத்த பிலிமிலிருந்து, என் முகத்தை வைத்தே.

நாம் போனில் பேசிய மறுநாள் மத்தியானம் ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டு, நீ ஸ்டாண்டிலேயே மாட்டி வைத்துவிட்டுப் போன உன் பழைய கேமராவை ஓடவிட்டேன். உன் அப்பாவைத் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னேன். ஊதுகுழாயால் தூசியை ஊதினேன். பலகையின் வெளிச்சம் சுற்றிலும் சிதறாமல் இருக்க நீ வெட்டி வைத்திருந்த கறுப்பு அட்டையை வைத்தேன். இரண்டு நொடி கழித்துத் தானாக எடுக்கும்படி வைத்து, மூச்சைப் பிடித்தேன். முதல் படத்தைத் திரையில் நிறம் மாற்றிப் பார்த்தால் தழும்பு வலது கையில் இருந்தது. பிலிமின் மங்கல் பக்கம் மேலே வரும்படி மாற்றி வைத்துவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. எத்தனை வருடம் ஆனாலும் அந்தத் தழும்பு எந்தக் கை என்று எனக்குத் தெரிகிறதே என்று நினைத்தேன். திருப்பிப் போட்டு மறுபடி எடுத்தேன். ஒரே ஒரு படத்தை அல்ல, அந்தத் துண்டு முழுவதையும், நான்கு படமும் ஓரத்துத் துளைகளும் எண்களும் தெரியும்படி எடுத்தேன். உன் அப்பா திரைச்சீலையை விட்டுவிட்டு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“நான் சிரிக்கச் சொல்லிச் சொல்லி எடுத்ததாக்கும்” என்றார். பிறகு, “நீ அவனுக்கு எழுது. எனக்க பேரையும் சேத்து எழுது” என்றார். இருபத்திரண்டு வருடம் பல் தேய்த்த மனுஷன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது.

பாறசாலையில் பிரிண்ட் போட்டு வாங்கிக்கொண்டு, நெய்யாற்றின்கரைக்கும் அங்கிருந்து காட்டாக்கடைக்கும் பஸ் மாறி, கள்ளிக்காட்டுக்குப் போனேன். எவ்வளவு தூரம் என்று நினைக்கிறாய்? காலையில் புறப்பட்டவள் பதினொரு மணிக்கு அவள் முற்றத்தில் நின்றேன். இத்தனை வருடமும் அவள் இவ்வளவு தூரத்தில்தான் இருந்திருக்கிறாள். கொடியில் ரப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அசையாமல் நின்றாள்.

“வா மைனி. தலையோடயா வந்திருக்க? அது எனக்க கழுத்துல இருக்குன்னுல்லா நெனச்சேன்.”

யாரோ அவளுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். அவளே தொடர்ந்தாள்: “பையன் நல்லாத்தான் ஒட்டியிருக்கான். ஆனா கலர் சேரல கேட்டியா. நீ என்னைவிட ரெண்டு கறுப்பு கூடுதலாக்கும். கழுத்துக்கு மேல மழைக்காலம், கீழ வெயில்காலம்.” அவளுடைய வீட்டுக்காரர் உள்ளேயிருந்து சிரித்தார். நானும் சிரித்தேன், சிரிக்கும்போதே அழுதேன். பிறகு சொன்னேன், பொதுவாக ஒரு மன்னிப்புக் கேட்டு முடிக்கிற மாதிரி அல்ல, ஒவ்வொரு படமாக, நான் வெட்டினேன் என்று. அவள் பிரிண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். தன் முகத்தைவிட அடுத்த படத்தைத்தான் அதிக நேரம் பார்த்தாள், பெரியப்பா அவள் தோளில் கைபோட்டிருக்கிற படத்தை.

“பெரியண்ணன் சிரிக்கான்” என்றாள். “இந்தச் சிரிப்பு எனக்கு மறந்தே போச்சு.”

கல்யாணத்துக்கு வா என்று கூப்பிட்டேன். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். மாப்பிள்ளை ஆலயத்துக்குப் புறப்படும் முன் ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் தலையில் கைவைத்து ஜெபிக்க வேண்டும். ஞானத்தகப்பன் பெரியப்பா. ஞானத்தாயின் இடத்தில் நானே நின்றால் போதும் என்று அவர் முடிவுசெய்துவிட்டார், அதற்குச் சாட்சியாகத்தான் உன் படம். நான் நிற்கமாட்டேன் என்று லில்லியிடம் சொன்னேன். அவள் பிரிண்டை என்னிடம் திருப்பித் தந்தாள்.

“நீ விளிச்சா நான் வரமாட்டேன் மைனி. நீ மனசு பொறுக்காம விளிக்க. எனக்கு ஒரு ஞானமகன் உண்டு. அவனுக்கு வாய் உண்டு, வண்டி உண்டு, இப்பம் எனக்க மொகமும் தெரியும். வாறதும் வராததும் அவன் வந்தப்பறம் பாக்கலாம்.”

அதனால்தான் எழுதுகிறேன். இனி நான் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. குழுவில் போட்ட படத்தை எடுத்துவிடு, சத்தமில்லாமல் எடுக்காதே, அது யார் என்று எழுதிவிட்டு எடு. பெரியப்பா கேட்டால், இதை நெகட்டிவில் பார்த்தேன், நெகட்டிவை அம்மா எரிக்கவில்லை என்று சொல். கோபம் என்மேல் வரட்டும், எனக்கு அது பாக்கி இருக்கிறது. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளிடமும் இதைச் சொல். ஒட்டவைத்த படத்தை நம்பி ஒரு பெண் நம் வீட்டுக்குள் வரக் கூடாது. பிறகு கள்ளிக்காட்டுக்குப் போ. அவள் வரலாம், வராமலும் இருக்கலாம். வராவிட்டால் உன் தலையில் அந்தப் பக்கம் ஒரு கை குறையும். குறையட்டும். அங்கே என் கையை வைக்கமாட்டேன்.

இதோடு அந்தப் பிரிண்டை மடிக்காமல் வைத்திருக்கிறேன். கணினியில் இருக்கும் முழுப்படத்தையும் திறந்து, நீ என் முகத்தை வைத்த படத்தை அதன் பக்கத்தில் வை. இடது கட்டைவிரலைப் பெரிதாக்கிப் பார். உன் படத்தில் அந்த விரல் வழுவழுப்பாக இருக்கும். பூஞ்சையையும் கீறலையும் துடைக்கிறபோது உன் மென்பொருள் அந்தக் கோட்டையும் சேர்த்துத் துடைத்திருக்கிறது. நான் எடுத்த பிரிண்டில் அது அப்படியே இருக்கிறது, குறுக்கே, வெளிறிப்போய். சின்ன வயதில் நீ அதைத் தேடி என் கையில் முத்தம் கொடுத்தாய். அது தூசி இல்லை மகனே. போய் அந்தக் கையைப் பிடி.

அம்மா